அகஸ்டினாவும் விடையில்லாப் புத்தகமும்

அகஸ்டினா மதாமுக்குக் கேள்வி கேட்காமல் ஒரு பொழுதும் போகாது. வெள்ளிக்கிழமை கறி கூடாது என்று பிரசங்கம் வைத்த பங்குச் சாமியாரையே, "வஞ்சிரம் ரெண்டு துண்டு பொரிச்சித் தின்னா அது ஒறுத்தலா சாமி?" என்று வாசலில் மறித்தவர். சாமியார் சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். வீட்டுக்காரர் அமலநாதன்தான் பாவம், குழம்பில் உப்புக் கம்மி என்று சொன்னால்கூட ஆதாரம் காட்ட வேண்டும். எனக்கு இந்த அம்மாளை ரொம்பப் பிடிக்கும்.

கடலோரத்துக் குருசுக்குப்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் படித்த ஒரு பள்ளியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் தையல். பிரெஞ்சுப் பழக்கத்தில் அங்கே ஆசிரியை என்றால் மதாம், ஆசிரியர் என்றால் முசே. 1958இல் எட்டாம் வகுப்புக்கு நீதிபோதனை என்று வாரம் ஒரு பாடவேளை வந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் 'மொரால்' என்று நடந்த அதே பாடம், இப்போது தமிழில். அதை அகஸ்டினாவிடம் கொடுத்தார்கள். அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவில் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தார்.

புத்தகம் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல் வந்தது. மேசைமேல் இரண்டு கிடந்தன. ஒன்று தலையணை மாதிரி. எது நல்லது, எது கெட்டது என்று எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டு, கடைசியில் விடைகளையும் அச்சிட்டிருந்தது. இன்னொன்று ஒல்லி. 'ஊரே சொல்கிறது, அதனால் உண்மை என்கிறார் ஒருவர். நீ ஒப்புக்கொள்வாயா?' என்று பக்கத்துக்குப் பக்கம் கேள்விதான். விடை மருந்துக்கும் கிடையாது. அகஸ்டினா ஒல்லியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் சக்கரபாணியோ தலையணையைத் தட்டினார்.

"இதான் சரி மதாம். யாரு வேணும்னாலும் படிச்சிக் காட்டிடலாம். நீங்க தையல விட்டுட்டு வரவே வேணாம்."

அகஸ்டினாவின் முகம் தொங்கிவிட்டது. கைக்கு வந்த வகுப்பு கைநழுவப் போகிறது.

"பிள்ளைங்க யோசிக்கப் பழக வேணாமா முசே?"

"நம்ம பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் கண்ண மூடிக்கிட்டு எதையும் ஒத்துக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும்."

"அப்ப நாளைக்கி வகுப்புல வந்து உக்காருங்க. நான் தப்புத் தப்பாச் சொல்றேன். ஒருத்தராவது மறுத்துப் பேசுனா தலையணையே இருக்கட்டும், நான் தையலுக்கே போயிடறேன்."

மறுநாள் கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர் உட்கார்ந்தார், பக்கத்தில் நான். அகஸ்டினா மேடையேறி, "திக்தே" என்றார். ஆசிரியர் சொல்லச் சொல்ல, வாய் திறக்காமல், பிழையில்லாமல் எழுத வேண்டும். அதற்குப் பெயர்தான் திக்தே. பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போன பிறகும் இது மட்டும் எங்கள் பள்ளியை விட்டுப் போகவில்லை.

"கடல் நீர் உப்பு. புவேன்." புவேன் என்றால் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். "ஆகவே கரையில் வாழ்வோர் அனைவரும் முட்டாள்கள். புவேன். நம் தலைமையாசிரியர் உயரமானவர். புவேன். ஆகவே அவர் சொல்வதெல்லாம் சரி. புவேன்."

எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. தலை ஒன்றுகூட நிமிரவில்லை. அப்பா கட்டுமரத்தில் போகிற கொளஞ்சி, கரையில் வாழ்வோர் முட்டாள்கள் என்று மணிமணியாக எழுதி முடித்தாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பக்கத்தில் சக்கரபாணியும் எழுதிக்கொண்டிருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு புவேனுக்கும் அழுத்தமாகப் புள்ளி வைத்து. நான் எழுதவில்லை, என்னிடம் பேனா இல்லை, அவ்வளவுதான்.

தாள்களை வாங்கிக்கொண்டே வந்த அகஸ்டினாவிடம், சக்கரபாணியும் பழக்க தோஷத்தில் தம் தாளை நீட்டிவிட்டார். அம்மாள் படித்தார். தோள் குலுங்கியது.

"ஒரு பிழைகூட இல்ல முசே."

தலைமையாசிரியர் தாளைத் திருப்பி வாங்கி, முதல் வரியிலிருந்து முணுமுணுத்துப் படித்தார். தம் உயரம் வந்த இடத்தில் குரல் நின்றது. காது சிவந்துவிட்டது. தொலைந்தோம் என்று நினைத்தேன். மனிதர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பல் இருப்பதே பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரிந்தது. என்னவென்று புரியாமலே வகுப்பு மொத்தமும் சிரித்தது. அகஸ்டினா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அறைக்கு வந்ததும் சக்கரபாணி தலையணையை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒல்லிப் புத்தகத்துக்கு ஆர்டர் எழுத உட்கார்ந்தார். வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதியவர், பேனாவை மூடவில்லை.

"இன்னும் ஒண்ணு சேத்துக்கறேன் மதாம்," என்றார். "எனக்கு."