அப்டேட் ஓடும்போது வந்த போன்

போன மாதம் நான் கட் பண்ணிய ஒரு போன் இன்னும் உறுத்துகிறது.

ட்ரோன் விட்டு நிலம் அளப்பது என் பிழைப்பு. ஜவ்வாது மலையில் ஒரு சாமைக் கொல்லையை அளக்கப் போனேன். புது சாஃப்ட்வேர் ஏற்றாமல் பறக்க மாட்டேன் என்று அந்தச் சனியன் அடம்பிடித்தது. கீழே ஆலங்காயத்திலேயே அப்டேட் போட்டிருக்கலாம். சோம்பல்.

என் போனில் டவர் இல்லை. கொல்லைக்காரம்மாவின் போனில் மட்டும், பாறைமேல் ஏறினால், நெட் கொஞ்சம் கிடைத்தது. "வச்சிக்கோங்க சார், எனக்கு இப்ப அதுல இன்னா வேலை" என்று கொடுத்துவிட்டு அவர் அறுப்புக்குப் போனார்.

அங்கே போன் பேசினால் நெட் அறுந்துவிடும். ஒரு விளம்பரப் போனை எடுத்துத் தொலைத்ததில் டவுன்லோடு முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. முடியப்போகிற நேரத்தில் மறுபடி மணி அடித்தது. பெயரில்லாத நம்பர். கட் பண்ணினேன். திரும்பவும் வந்தது. அதையும் கட் பண்ணினேன்.

ட்ரோன் ஜம்மென்று பறந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்ததும் அவர் அந்த நம்பரைத்தான் பார்த்தார். குடகுக்குக் காப்பி பறிக்கப் போயிருக்கும் கணவரிடம் போன் கிடையாது. எஸ்டேட்டிலிருந்து சந்தைக்கு வரும்போது யாரிடமாவது வாங்கிப் பேசுவாராம். உடனே திருப்பி அடித்தார். எடுத்தது வேறு யாரோ. கணவர் வண்டி ஏறிவிட்டாராம்.

"ரெண்டு வாட்டி அடிச்சிருக்காரு சார். டவருதான் கட் பண்ணிடுச்சு போல. இந்த மலையில எப்பவும் இதே ரோதனை."

"ஆமாங்க, டவர் ரொம்ப மோசம்" என்றேன்.