பாட்டுக்கு முன்னால் ஒரு மூச்சு

என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் பெயர் 'காது'. பிஸ்கட் தொழிற்சாலை. மாவு பிசையும் இயந்திரமோ, தட்டுகளை அடுப்புக்குள் இழுத்துப்போகும் பட்டையோ லேசாக முனகினால் போதும், "காது அண்ணனக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள். இவர் ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போவார். நுனியை மோட்டாரின் மேல் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "உள்பக்க பேரிங். பத்து நாள் தாங்கும்" என்பார். பதினோராம் நாள் அது போய்விடும். மற்ற ஃபிட்டர்கள் கைப்பிடியைக் காது ஓட்டையில்தான் வைப்பார்களாம். இவர் மட்டும் பின்னால், எலும்பில். அது ஏதோ தனி வித்தை என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அப்பேர்ப்பட்ட காதுக்கு வாழ்க்கைப்பட்ட நான், அவரை விட்டுப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நான் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறேன். வெளியே காத்திருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என் வேலை. நான் கூப்பிட்டால் பயந்து நடுங்குகிறவர்கள்கூட எழுந்து வந்துவிடுவார்கள். எங்கள் மகள் படிக்கும் ஊரில் டாக்டர் இன்னோர் இடம் திறக்கிறார். "நீங்க போய்ப் பாத்துக்கறீங்களாக்கா? யோசிச்சு திங்கக்கிழமை சொல்லுங்க" என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "மக ஊருக்கே போயிடலாம்னு பாக்கறேன். நான் மட்டும்" என்றேன். ஒரு தட்டைக் கழுவினார், துடைத்தார், அடுக்கினார். அடுத்த தட்டை எடுத்தார். 'போனால் போ' என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்துப் பாதித் துணியை அடுக்கிவிட்டேன்.

முன்பு இப்படியா இருந்தோம்! கல்யாணமான புதிதில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதில் பாதியை இவருடைய ஸ்டீரியோ அடைத்துக்கொண்டிருந்தது. ஞாயிறு மதியம் திரையை இழுத்து மூடுவார். இவர் சட்டையிலிருந்து வெனிலா வாசனை வரும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ஒரு குறிப்பிட்ட இசைத்தட்டை வைப்பார். பாட்டு தொடங்குவதற்கு முன்னால், பாடுகிறவள் மெல்ல மூச்சை உள்ளே இழுப்பாள். அவ்வளவுதான், ஒரு மூச்சு. "கேட்டியா? இப்ப அவ இந்த ரூமுக்குள்ள வந்துட்டா" என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றும். மூன்றாவதாக ஒருத்தி வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள், நாங்கள் இருவரும் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்திருக்கிறோம் என்று. பாட்டு ஒரு பக்கம் ஓடும், என் பல் ஆஸ்பத்திரிக் கதைகள் ஒரு பக்கம் ஓடும். மதியம் எப்போது சாயங்காலம் ஆனது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

பிறகு எந்த நாள் என்று சொல்ல முடியாதபடி அது தேய்ந்தது. நான் பேசுவேன், இவர் எங்கோ பார்ப்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எத்தனையோ முறை முணுமுணுத்திருக்கிறேன், வசவாக. ஆனால் இவர் காதில் கோளாறு இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. காது மந்தமானவர்கள் கத்திப் பேசுவார்கள் என்றுதானே கேள்வி? இவரோ ரகசியம் சொல்வதுபோல அவ்வளவு மெதுவாகப் பேசுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பல் பிடுங்கிக்கொள்ள ஒருவர் வந்தார். வாசற்கதவை மறைக்கும் உடம்பு, கை ஒவ்வொன்றும் உலக்கை. டாக்டர் ஊசியை எடுத்ததும் அந்த மனிதர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப அக்கறையாக, "உங்களுக்குப் பயமா இருந்தா நாளைக்கு வெச்சுக்கலாம் டாக்டர்" என்றாராம். எனக்கு வழியெல்லாம் சிரிப்பு. இவரிடம் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்து சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டி, "பாவம்" என்றார். பிறகு எழுந்துபோய் இசைத்தட்டை வைத்தார். அன்றைக்கு எனக்கு வந்த வீம்பில், தேவைக்கு மேல் இவரிடம் வாயைத் திறப்பதில்லை என்று ஆகிவிட்டது. இதில் எரிகிற இடம் என்னவென்றால், மகள் ஃபோனில் பேசினால் இவருக்கு எல்லாம் கேட்கும், எல்லாவற்றுக்கும் சிரிப்பு வரும். மகள் பேசினால் சிரிப்பு, பெண்டாட்டி பேசினால் பாவம்!

இவருக்குக் கவலையெல்லாம் வேறு. அந்த மூச்சு தொலைந்துபோய்விட்டது. "முன்ன மாதிரி வரலை, மூடி போட்ட மாதிரி இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். முதலில் இசைத்தட்டு ஊசியை மாற்றினார். பிறகு வயர்களை. பிறகு ஸ்பீக்கர்களை அரை அடி முன்னே, கால் அடி பின்னே என்று நகர்த்தி நகர்த்தித் தரையெல்லாம் கோடு. நாளுக்கு நாள் சத்தத்தையும் கூட்டினார். என் வாயை அடைக்கத்தான் கூட்டுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். கடைசியில் வால்வு வைத்த ப்ரீஆம்ப் ஒன்று வாங்கப்போவதாக மகளிடம் ஃபோனில் சொன்னார். "தட்டுலேருந்து வர்ற சிக்னல் ரொம்ப சன்னம்மா. ஆம்ப்ளிஃபையருக்குப் போறதுக்கு முன்னாடி அதத் தூக்கிவிடணும். இப்ப இருக்கற ப்ரீஆம்ப் வறட்டுத்தனமாத் தூக்குது. வால்வுன்னா பதமாத் தூக்கும்." நான் அடுக்களையிலிருந்து, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன், நன்றாகக் கேட்கும்படி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, புது ப்ரீஆம்ப் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தார். பழைய ப்ரீஆம்பைக் கழற்றி, தூசியைத் துடைத்து, புதியதை வைத்தார். கறுப்புப் பெட்டி, மேலே விரல் உயரத்துக்கு நான்கு கண்ணாடி வால்வுகள். திரையை மூடினார். ஸ்விட்சைப் போட்டார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. "சூடாகணும்" என்று மெதுவாகச் சொன்னார், என்னிடமா அதனிடமா தெரியாது. நான் அடுக்களை வாசலில் நின்றேன். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஒவ்வொரு வால்வின் அடியிலும் ஒரு செந்நிறப் பொட்டு எழுந்தது. எழுந்து, மஞ்சளாகி, நின்றது. தெருச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. அறைக்குள் சூடேறிய தூசியின் வாசனை, வெனிலா வாசனை, நான்கு சின்ன வெளிச்சங்கள். என் கால் தரையில் பாவவில்லை போல இருந்தது.

ஊசியை இறக்கினார். மூச்சு வந்தது.

அவ்வளவு தெளிவாக அதை நான் ஒருபோதும் கேட்டதில்லை. என் பிடரிக்குப் பின்னால் யாரோ நின்று இழுத்த மூச்சு. சுவர்கள் நகர்ந்து அந்தப் பழைய ஒற்றை அறை ஆனது. நான் பேசிக்கொண்டிருக்கிறேன், இவர் சிரித்துக்கொண்டிருக்கிறார், அவள் வந்து உட்கார்கிறாள். துணிப்பெட்டியும் திங்கட்கிழமையும் எனக்கு மறந்தே போயின.

"வரலை" என்றார் இவர்.

"என்னங்க வரலை? அதான் வந்துச்சே!" இரண்டு வருட வீம்பு என்னையறியாமல் உடைந்து வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இவர் திரும்பவில்லை. ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார். சத்தத்தைக் கூட்டினார். மறுபடியும் வைத்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது; மூச்சு புயல்போல வந்து என் மேல் மோதியது. "வரலை" என்றார். இடித்த புளிபோலத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவருக்குள் இருந்த ஃபிட்டர் எழுந்தான். பழுது எங்கே என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வருவதுதான் அந்த வேலை. பையிலிருந்து அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கறுப்புப் பெட்டியின் மேல் ஊன்றி, கைப்பிடியை எலும்பில் வைத்துக் கேட்டார். அதில் கோளாறில்லை என்று தலையை ஆட்டினார். பென்சிலால் ஒரு வால்வை லேசாகத் தட்டினார். ஸ்பீக்கரில் மணிபோல ஒலித்தது. பிறகு ஊசியை மறுபடி இறக்கிவிட்டு, ஓடிப்போய் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்துக் கண்ணை மூடினார்.

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கல்யாணமான வருடத்து முகம். மூச்சு அவருக்குக் கேட்டுவிட்டது. மறுநொடி கண்ணைத் திறந்தார். கைப்பிடியை எலும்பிலிருந்து எடுத்தார். வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். "தட்டு சரியா இருக்கு. வால்வு சரியா இருக்கு. ஸ்பீக்கர் சரியா இருக்கு" என்றார். ஸ்க்ரூ டிரைவர் மடியில் கிடந்தது. "மிச்சம் நான்தான்."

எனக்குள் எல்லாம் சேர்ந்து ஓடியது. காட்டிய முதுகு, துடைத்து அடுக்கிய தட்டுகள், "பாவம்". முன்னால் போய் உட்கார்ந்தேன். "போன வாரம் நீங்க பாத்திரம் கழுவிட்டிருந்தப்ப நான் என்ன சொன்னேன்?" என்றேன். என் வாயையே பார்த்தார். "கழுவறப்பவா? ஏதாவது சொன்னியா?"

இந்த மனிதரை அடிப்பதா கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. நான் மறுபடியும் ஏதோ சொல்ல, தயங்கித் தயங்கி அந்த ஸ்க்ரூ டிரைவரை என் முகத்துப் பக்கம் நீட்டினார். "இத என் கழுத்துல வெச்சுப் பாத்தா ஊரே போலீஸக் கூப்பிடும்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. எழுந்துபோய் அடுக்களையிலிருந்து நீள மரக்கரண்டியைக் கொண்டுவந்தேன். ஒரு முனையை இவர் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினேன். மறுமுனையை என் தாடையில் வைத்துக்கொண்டேன்.

"இப்பக் கேக்குதாங்க?" என்று தொண்டை கிழியக் கேட்டேன்.

"ஏன் கத்தறே? நல்லாக் கேக்குது" என்றார்.

சொன்னேன். டாக்டர் கேட்டதை, பெட்டியில் பாதித் துணி இருப்பதை, நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியதை. இவர் கண்கள் என் முகத்தைவிட்டு அகலவில்லை.

"போறியா?" என்றார், வழக்கம்போல ரகசியக் குரலில். "எம்மேல கோவம், அதான் பேசறதே இல்லைன்னு நெனச்சேன். என்ன தப்பு பண்ணேன்னு கேக்கப் பயமா இருந்துச்சு. அந்தத் தட்டு பழைய மாதிரி பாடினா நீயும் வந்து பழைய மாதிரி உக்காருவேன்னு..." முடிக்கவில்லை. கரண்டியின் வழியாக அவர் தொண்டை நடுங்குவது என் தாடைக்குத் தெரிந்தது.

போகிறேனா இல்லையா என்று நான் சொல்லவில்லை. கரண்டியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, "ஒருநாள் பல் பிடுங்க ஒருத்தர் வந்தாருங்க. கை ஒவ்வொண்ணும் உலக்கை மாதிரி" என்று ஆரம்பித்தேன். டாக்டர் ஊசியை எடுத்தது வரைக்கும் வந்தேன். "அந்த ஆள் டாக்டர் கையப் பிடிச்சுக்கிட்டு, 'உங்களுக்குப் பயமா இருந்தா நாளைக்கு வெச்சுக்கலாம் டாக்டர்'னாராம்."

இவர் சிரித்த சிரிப்பில் கரண்டி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, இரண்டு வருடம் தாமதமாகச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. வால்வுகள் தம்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தன. அவற்றை அணைக்க வேண்டும் என்று சாயங்காலம்வரை எங்களுக்குத் தோன்றவேயில்லை.

திங்கட்கிழமை காலை, எங்கள் பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கும் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். உள்ளே அரிசியைவிடச் சின்ன எலும்பு ஒன்று அசையாமல் இறுகிவிட்டதாம். "பேரிங் ஜாம் ஆயிடுச்சு" என்று இவரே சொல்லிக்கொண்டார். வெளியிலிருந்து வரும் சத்தம் தடைபடும். எலும்பு வழியாக வருவது நன்றாகக் கேட்கும். தன் குரல் தனக்குப் பெரிதாகக் கேட்பதால் இப்படிப்பட்டவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். காதோடு ஒட்டிவைத்த ஃபோனும், எல்லோரும் கத்திப் பேசும் தொழிற்சாலையும் இவர்களைக் காட்டிக்கொடுக்காது. ஆபரேஷன் செய்யலாம், கருவியும் வைக்கலாம் என்றார். இவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்த மூச்சு கேக்குமா டாக்டர்?" டாக்டருக்குப் புரியவில்லை. நான்தான், "கேக்கும் கேக்கும், எழுந்து வாங்க" என்று இழுத்துக்கொண்டு வந்தேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.

கீழே இறங்கிப் பல் டாக்டரிடம், நான் அந்த ஊருக்குப் போகவில்லை என்றேன். ஏன்க்கா என்றார்.

"எங்க வீட்டுல ஒருத்தருக்கு ரெண்டு வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்கு டாக்டர். சொல்லி முடிக்கணும்" என்றேன்.