உபவாசமும் இரண்டு துண்டு வட்டிலப்பமும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஒரு வட்டிலப்பத்தைக் கொண்டு ஆண்டவர் என் வாயை அடைத்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் மகள் ஷாரோனுக்கு உயர்தரப் பரீட்சை முடிவு வந்தது. இரண்டாம் தடவை. மருத்துவ பீடத்துக்குப் புள்ளி கொஞ்சம் போதாது. நானோ எங்கள் ஊர் குருக்கள்மடம் முழுக்க டொக்டரின் அப்பாவாக நடந்து முடித்திருந்தேன்.

"அப்பா, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்த முதலாவதாப் போடப்போறன்," என்றாள். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"ரத்தமும் சலமும் பாக்கவா புள்ள உன்னப் படிப்பிச்சன்? மூண்டாந்தரம் சோதனை எடு!"

அவள் அழுதாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை உபவாசம் என்று அறிவித்தேன். "ஆண்டவரே, மனதை மாற்றும்."

அன்று வேலையாக ஏறாவூர் போனேன். கூட்டாளி வீட்டில் தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். அது சாப்பாடா என்ன? இரண்டு துண்டு. திரும்பும் வழியில் நெஞ்சு படபடத்தது, வியர்த்தது. தண்டனைதான்! சவப்பெட்டியின் நிறம்வரை யோசித்துவிட்டேன். வீட்டுக்குப் போன் எடுத்தேன்; மகள் ஓடிவந்து மட்டக்களப்பில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"நெஞ்சுக்கு ஒண்டுமில்ல, பயம்தான். ரத்தத்தில சீனியும் பாப்பம். சாப்பிட்டீங்களா?" என்றார் டொக்டர்.

"அப்பா உபவாசம்," என்றாள் மகள். நான் ஜெபிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஆய்வுகூடத்து மிஸ் டொக்டர் எழுதிய சீட்டோடு வெளியே வந்தார்.

"ஐயா, வெறும் வயிறு எண்டு எழுதியிருக்கு. உங்கட ரத்தம் வேற கதை சொல்லுது."

"பச்சத்தண்ணியும் குடிக்கல்ல மிஸ்."

"இப்பிடியே அனுப்பினா சீனி வருத்தம் எண்டு குளிசை தொடங்கிருவாங்க. உண்மையச் சொல்லுங்க."

"ரெண்டு துண்டு வட்டிலப்பம்..."

"ரெண்டுதானா அப்பா?" என்றாள் மகள்.

"மூண்டு."

போதகருக்கும் என் மனைவிக்கும் பிடிபடாத கள்ளம் ஒரு துளி இரத்தத்தில் பிடிபட்டது. மறுநாள் மெய்யாகவே வெறும் வயிற்றோடு போனேன். சீனி இல்லை! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து வேலை செய்த அந்த மிஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டிராவிட்டால், இல்லாத வருத்தத்துக்கு மருந்து குடித்துக்கொண்டிருப்பேன்.

"இதத்தான் அப்பா படிக்கக் கேட்டன்," என்றாள் மகள்.

மனதை மாற்றும் என்று கேட்டேன். மாற்றினார். யாருடைய மனதை என்பதில்தான் நான் பிழைவிட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் பக்கத்தில் இருந்து வாசிக்க, அதையே முதலாவதாகப் போட்டு அனுப்பினாள். இடம் கிடைத்தது. இப்போது விடுமுறைக்கு வந்தால் என் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறாள். ஸ்தோத்திரம்! ஊசிக்கும் சேர்த்து.

பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள். பதிலை நீங்களே எழுதிக்கொண்டு போகாதீர்கள்; வெறுந்தாளைக் கொடுங்கள், அவர் எழுதுவார். உபவாசத்தில் மட்டும் ஏறாவூர்ப் பக்கம் போய்விடாதீர்கள்.