ராஸ் அல் கைமா கருவேலங்காட்டில் என் தம்பி ஓட்டும் வண்டி

அதனால்தான் சொல்கிறேன், நீங்களும் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் ரப்பர் செருப்பு வேண்டாம். மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கருவேல முள் செருப்பின் அடியில் குத்தினால் பாதத்தில் ஏறித்தான் நிற்கும். ராமநாதபுரம் சீமையில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரிந்தும் செருப்போடு போனேன், முதல் நாளே இரண்டு முள் வாங்கினேன்.

துபாய்க்குப் போய்விட்டு வந்து கருவேல முள்ளைப் பற்றி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். உயரமான கட்டடத்தையும் நகைக்கடையையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எட்டாவது வரை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் போனது என் தம்பி முருகேசனைப் பார்க்க. ராஸ் அல் கைமாவில் மரம் இழுக்கும் வண்டி ஓட்டுகிறான். மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. கேட்டால் லீவு இல்லை என்பான். வீடியோ காலில் வந்தால் முகத்தில் பாதிதான் தெரியும், மறுபாதியைத் துண்டோ கதவோ மறைத்துக்கொண்டிருக்கும். அவன் மனைவி செல்வி ஒருநாள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "மதினி, அவருக்கு என்னமோ ஆயிருக்கு. என்கிட்ட மறைக்கிறாரு. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துபாய் சத்வாவில் இருக்கும் என் மகளும் ரொம்ப நாளாக வரச்சொல்லிக்கொண்டிருந்தாள். விசிட் விசா எடுத்து அனுப்பினாள். எங்கள் ஊர் காளியம்மனுக்கு மாவிளக்குப் போட்டுவிட்டு ஜனவரி மாதத்தில் கிளம்பினேன். (எல்லாருடைய பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். தம்பி படித்தால் அப்படியும் திட்டுவான்.)

துபாயில் யூனியன் பேருந்து நிலையத்திலிருந்து ராஸ் அல் கைமாவுக்கு பஸ் இருக்கிறது. எனக்கு இருபத்தேழு திர்ஹாம் ஆனது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் போய்ச் சேர்ந்தேன். முன்னால் பெண்களுக்கென்று சீட் உண்டு, பயப்பட வேண்டாம். வழியெல்லாம் மணல், கம்பி வேலி, அதற்குள் ஒட்டகம். கந்தசஷ்டி கவசத்தை நான்கு முறை சொல்லி முடித்தேன், ஊர் வந்துவிட்டது.

தம்பியின் ஃபோர்மேன் ஜஸ்டின் காரோடு வந்து நின்றார். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். ஆண்கள் தங்கும் கேம்பில் பெண்பிள்ளை தங்க முடியாது என்பதால் ராஸ் அல் கைமா ஊருக்குள் நக்கீல் என்கிற பகுதியில் இருக்கும் அவர் வீட்டிலேயே எனக்கு நான்கு நாள் இடம் கொடுத்தார். அவர் மனைவி நர்ஸ், நைட் டூட்டி முடிந்து வந்து அந்தத் தூக்கக் கலக்கத்திலும் எனக்குப் புட்டு அவித்துத் தருவார். அந்த வீட்டில் கர்த்தர் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் திருநீறு பூசினேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நக்கீலிலிருந்து காடு முப்பத்திரண்டு கிலோமீட்டர், மலையை ஒட்டி இருக்கிறது. டாக்ஸி என்றால் அறுபத்தைந்து திர்ஹாம் கேட்பார்கள். காடு என்றதும் குளிர்ச்சியாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் நம் சீமைக்கருவேலம்தான். யாரோ பசுமைக்கு என்று கொண்டுவந்து வைத்ததாம், கிணற்றுத் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுப் பெருத்துக் கிடக்கிறது. அதை வெட்டி, இழுத்து, விறகுக்கும் கறி சுடும் கரிக்கும் அனுப்புகிறார்கள். நடுநடுவே வன்னி மரம் நிற்கிறது. நம் ஊரில் கோயிலில் வைத்துக் கும்பிடுவோமே, அதே வன்னி. அங்கே காஃப் என்கிறார்கள். அதை அரசாங்கமே காக்கிறது, கை வைத்தால் கேஸ். கருவேலத்தை எடுக்கணும், வன்னியைத் தொடக்கூடாது, இதுதான் வேலை.

தம்பியின் வண்டிக்கு ஸ்கிடர் என்று பெயர். டிராக்டருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரமும் என் உயரம். நடு உடம்பில் கீல் வைத்த மாதிரி மடங்கித் திரும்பும். பின்னால் ஓர் உருளையில் இரும்பு வடம் சுற்றியிருக்கிறது. வெட்டிப்போட்ட மரங்களை ஐந்தாறாகச் சங்கிலியில் கட்டி வடத்தில் மாட்டினால் உறுமிக்கொண்டு இழுத்து வரும். ஷார்ஜாவில் பழைய சாமான் யார்டிலிருந்து எடுத்த வண்டியாம். கண்ணாடி கிடையாது, கதவு கிடையாது, சீட்டில் அரிசிச் சாக்கு மடித்துப் போட்டிருந்தது.

அதன் பக்கத்திலேயே ஒருவர் நடந்து வருவார். குல்ஜான், பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர், தாடியெல்லாம் நரைத்துவிட்டது. கையில் ஓர் இரும்புத் தடி. ஒரு தட்டுத் தட்டினால் வண்டி நிற்கும், இரண்டு தட்டினால் நகரும். தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆள் ஒருவர் வருவாரே, அந்த மாதிரி. தம்பியோடு ஒன்பது வருடம் இருந்ததில் தமிழ் கொஞ்சம் வருகிறது.

"அக்கா, உன் தம்பி ராத்திரி குறட்டை. இந்த வண்டி சத்தம் கம்மி" என்றார் என்னிடம்.

"இவன் தட்டுற தட்டுல என் காது போயிருச்சுக்கா. அது தெரியல இவனுக்கு" என்றான் தம்பி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல். கொஞ்சம் இளைத்திருந்தான். மற்றபடி நன்றாகத்தான் இருந்தான். செல்விக்கு போன் செய்து, ஒன்றுமில்லை, நீ பயந்த மாதிரி இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலையில் தம்பி பேரில் ஒரு சுற்றுச் சுற்றலாம் என்று திருநீற்றோடு ஒரு வன்னி மரத்துக்குப் போனேன். இடுப்புயரத்தில் பட்டை உரிந்து சிவப்பாக இருந்தது. ஒட்டகம் தின்றிருக்கும் என்று நினைத்து அடுத்த மரத்துக்குப் போனேன். அதிலும் அதே உயரத்தில். அதற்கடுத்ததில் பழைய காயம், அதன்மேல் யாரோ சேற்றைக் குழைத்து அப்பியிருந்தார்கள். வண்டி காலியாக உள்ளே போகிற பாதை வேறு, மரத்தோடு திரும்புகிற பாதை வேறு. திரும்பும் பாதையில் நடந்து பார்த்தேன். வலது பக்கத்து மரம் ஒன்றில்கூடக் கீறல் இல்லை. இடது பக்கத்தில் நின்ற வன்னி அத்தனையும் தோலுரிந்து நின்றது.

மத்தியானம் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். தம்பிக்கு இடது பக்கம் உட்கார்ந்து, நான் கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாயை ஒன்றும் பேசாமல் அவன் காதுப் பக்கம் நீட்டினேன். அவனுக்கு அது உயிர். சின்னப் பிள்ளையில் கண்ணில் பட்டாலே பறித்துவிடுவான். வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஊறுகாய்த் துண்டை அப்படியே பாயில் போட்டேன். அப்போதுதான் திரும்பினான்.

"கண்ணாடிய எடு" என்றேன்.

"வெயிலு கூசும்க்கா."

"எடுடா."

எடுத்தான். இடது கண்ணில் கருவிழிமேல் பால் ஊற்றினது மாதிரி இருந்தது.

"எப்பத்துலருந்து?"

"போன வருசம். வடம் இழுக்கும்போது ஒரு கெளை தெறிச்சு அடிச்சுச்சு. முள்ளு."

"ஆசுபத்திரிக்குப் போனியா?"

"மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்துனேன். ஆசுபத்திரின்னா பேப்பர்ல ஏறிரும். ஏறுனா ஆப்பரேட்டர் வேல மாஃபி, கெடையாது. கலாஸ், ஊருக்கு டிக்கெட்டு."

"வந்துரு. இருக்குறத வச்சுப் பொழச்சுக்கலாம்."

"ஒத்தக் கண்ணனுக்கு ஊருல யாரு வண்டி குடுப்பா? நீ குடுப்பியா? மக ரெண்டாவது வருசம் காலேசு படிக்கிறா. பேசாம சாப்பிடுக்கா."

குல்ஜான் தட்டைக் கீழே வைத்தார். "அக்கா, முருகேசன் பாய்க்கு ஒரு கண். இந்தப் பக்கம் நான் கண். நாளைக்கு நான் ஊர் போறேன், விசா முடிச்சு. அப்புறம் யார்?"

தம்பி அவரை இந்தியில் ஏதோ அதட்டினான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது எனக்குப் புரிந்துவிட்டது. மரத்தின் தோல்தான் இதுவரை போயிருக்கிறது. குல்ஜான் போனபிறகு அந்த இடது பக்கத்தில் ஒரு மனிதன் நின்றால் என்ன ஆகும்?

மூன்றாம் நாள் முழுக்கத் தம்பியிடம் மன்றாடினேன். நீயாகவே சொல்லிவிடு, வேறு சின்ன வேலை கொடுப்பார்கள் என்றேன். அவன் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றான். கையை உருவிக்கொண்டேன். குல்ஜான் அன்று சாயங்காலம் எல்லாரையும் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். அந்த இரும்புத் தடியைத் துடைத்து வண்டியின் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் நான் துபாய்க்குத் திரும்ப வேண்டும். காலையில் ஜஸ்டினின் காரில் காட்டுக்குப் போகும்போது, அம்மா காளி நீதான் துணை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தம்பி பிழைப்பு போகும், செல்வி என்னை மன்னிக்கமாட்டாள், தம்பி மகள் படிப்பு என்ன ஆகுமோ. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். ஓர் உயிர் போய்விட்டால் எந்தக் கோயிலில் போய் நிற்பேன்?

ஜஸ்டின் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்க்கா" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது.

"எனக்குத் தெரியாம இருக்குமா? அந்த மரத்துல சேறு பூசுனது ஆரு, நாந்தான். பரிசோதனைக்கு வாறவன் கண்ணுல படப்பிடாதுல்லா."

"தெரிஞ்சுமா ஓட்டச் சொல்றீங்க?"

"அக்கா, கேட்டியளா. அந்த வண்டிக்கு கியர் போடத் தெரிஞ்சவன் ஒங்க தம்பி ஒருத்தந்தான். அவன் போனா வண்டி நிக்கும். வண்டி நின்னா காண்ட்ராக்ட்டு போச்சு. அப்புறம் நானும் பெட்டி கட்டணும், அங்க இருக்க பதினோரு பேரும் கட்டணும். முதலாளிக்குச் சொல்லிப் பாத்தாச்சு. மரம் வந்தா போரும்னு சொல்லிட்டாரு."

"யாருக்காவது ஒண்ணு ஆயிட்டா?"

"ஜெபம் பண்ணுகேன்க்கா. டெய்லி பண்ணுகேன்."

அவரை என்ன சொல்ல? நானும் காலையிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

காட்டில் குல்ஜானுக்குப் பதிலாகப் புது ஆள் வந்திருந்தார். பங்களாதேஷ்காரர், ரஃபீக் என்று பெயர். நாற்பது வயதுக்குள் இருக்கும். எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார், போனில் தன் இரண்டு பெண்பிள்ளைகளின் படத்தைக் காட்டினார். தம்பி என்னைக் கட்டிக்கொண்டு, "ஜஸ்டின் அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?" என்றான். சொல்லிவிட்டேன் என்றேன். "அவரு என்ன சொன்னாரு?" தெரியுமாம் என்றேன். அது அவனுக்கு அதுவரை தெரியாது. பிறகு வண்டியில் ஏறிவிட்டான். ஒளித்துவைத்த பாரம் இறங்கியதே என்று நிம்மதியாக இருப்பான் என்று நினைத்தேன். அப்படித் தெரியவில்லை. எனக்கும் ஜஸ்டினுக்கும் தெரிந்தபிறகும் வண்டி ஓடும் என்றால், அதை நிறுத்த இனி அவனுக்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. நான் செய்தது அவ்வளவுதான்.

உறவுக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். கசகசா கொண்டுபோகாதீர்கள், மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள், அங்கே அது குற்றம். ஜனவரியில் காலையில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது, அதைக் கேட்டுக்கொண்டு போங்கள். திரும்பும் பஸ்ஸுக்கு வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம், ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருந்தால் வீடியோ காலில் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். சிரித்தாலும் விடாதீர்கள். செல்விக்கு நான் இன்னும் சொல்லவில்லை. கண்ணில் தூசி, சரியாகிவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆடி மாதம் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டியிருக்கிறேன், தம்பி அதற்குள் வருவானா என்று தெரியவில்லை. கடல் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டேன், அதனால் யாருக்கு என்ன நன்மை?

இதை எழுதி முடிக்கும்போதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. கார் கிளம்பும்போது ரஃபீக் எனக்குக் கையசைத்துவிட்டு, கீழே கிடந்த சங்கிலியை எடுக்க வண்டிக்கு இடது பக்கமாகப் போய்க் குனிந்தார். அந்தப் பக்கம் தம்பிக்குத் தெரியாது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஜஸ்டினிடம் சொன்னேன், அம்மனிடம் சொன்னேன். அவரிடம் நானும் சொல்லவில்லை.