காற்றுக்குப் போட்ட நாற்காலி

விருந்து பரிமாறுகிறவனுக்கு எல்லாம் தெரியும், ருசியைத் தவிர. நின்றே பிழைத்த தோழர்களே, எங்களுக்கு நடந்த அநியாயங்களை வரிசையாகவே சொல்கிறேன். முதலில், ஓட்டல் நிர்வாகத்தார் சமையற்கட்டில் கிடந்த முக்காலிகளை அகற்றினார்கள். அடுத்து, எங்கள் சாப்பாட்டைக் கொல்லைச் சுவருக்குப் பின்னால் தள்ளினார்கள். மூன்றாவதாக, விருந்து மண்டபத்தில் தொழிலாளி எவனும் எந்நாளும் உட்காரக் கூடாது என்றார்கள்.

புனேயிலிருந்து தளேகாவ் போகும் வழியில், யாரோ மராட்டிய சர்தாரின் பழைய மாளிகை ஓட்டலாகியிருந்தது. தொண்ணூறுகளில் புனேயின் கட்கியிலிருந்து லோக்கல் ரயிலேறி அங்கே வேலைக்குப் போனேன். தேக்கு மேசை, வெள்ளி முட்கரண்டி, ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்பு. அங்கே ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசை முதல் நாளே பிடித்துக்கொண்டது.

பயிற்சி

விருந்தாளிக்கு நாற்காலியை இழுத்து, அவர் உட்காரும்போது மெல்ல உள்ளே தள்ள வேண்டும். பழகுவதற்கு ஓர் ஆள் உட்கார வேண்டுமே? விதி இடங்கொடுக்கவில்லை. வாரக்கணக்கில் வெறும் நாற்காலியையே இழுத்துத் தள்ளினோம். ஹெட் வெயிட்டர் ஷிண்டே கட்கியில் எங்களோடு வளர்ந்த மராட்டியர், தமிழ் பேசுவார். “அரே அண்ணா, மெதுவா! காத்துக்கு முட்டி இடிச்சிடப் போவுது.”

கோயம்புத்தூர்க்காரர்

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கோயம்புத்தூர்த் தம்பதி ஒன்று, நான் தமிழன் என்றதும் மனம் குளிர்ந்துபோயிற்று. எது நன்றாயிருக்கும் என்று கேட்டார் கணவர். ஆட்டுத்தொடை ரோஸ்ட் வாயில் கரையும் என்று, நிர்வாகம் கற்பித்த வசனத்தை ஒப்பித்தேன். அதன் வாசனையைத்தான் அறிவேன். அவர் மனைவியிடம் திரும்பிச் சொன்னார்: “அண்ணன் தெனம் சாப்படறவருங்க, அவரு சொன்னா சரியா இருக்கும்.”

ஒரே கோரிக்கை

சங்கம் கட்டினோம். ஓய்வு பெறும் தொழிலாளி அந்த மண்டபத்தில் ஒரு வேளை விருந்தாளியாகச் சாப்பிட வேண்டும் என்று கேட்டு, வேலையை நிறுத்தினோம். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. பதிலுக்கு, தூண்டிவிட்ட நான் வேலையை விட வேண்டும், வளாகத்துக்குள் இனிக் கால் வைக்கக் கூடாது என்றது. என் ஆசை அதோடு முடிந்தது என்று தெரிந்தே ஒப்புக்கொண்டேன். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்: “சம்பளம் கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன். போயும் போயும் நாற்காலியையா கேப்பீங்க?”

அஞ்சலை அக்கா

முதலில் ஓய்வு பெற்றவர் பாத்திரம் தேய்த்த அஞ்சலை அக்கா. அன்று மாலை, ஷிப்ட் முடிந்த தோழர்களோடு கேட்டுக்கு வெளியே நின்றேன். பட்டுப்புடவையில் வந்தவர் நேரே கொல்லைப்பக்கம் நடந்தார். ஷிண்டே ஓடிப்போய் மறித்தார். “இன்னா பண்றது தம்பி, காலு தானா அந்தாண்ட போவுது!”

முக்கியமான விருந்தாளி வந்தால் பெயரை உரக்க வாசித்து உள்ளே அழைப்பது அந்த மாளிகையின் வழக்கம்.

அத்தனை வருஷம் தொண்டை கிழியக் கோஷம் போட்டவன் நான், ஆனால் மண்டபமே திரும்பிப் பார்க்கும்படியும், கேட்டுக்கு வெளியே நின்ற எங்கள் காதிலும் விழும்படியும் ஒலித்தது ஷிண்டேயின் குரல்தான்: “ஸ்ரீமதி அஞ்சலை கோவிந்தன்!”