நகர்ந்தால் போதும்

தெருவோரம் எந்தப் பிக்கப் வண்டி நின்றாலும் குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்க்காமல் அவரால் தாண்ட முடியாது. ஒரு கையால் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தரையில் ஊன்றி, ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வண்டிக்காரர் சந்தேகத்தோடு வந்து, "என்ன சார், ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்பார். "இல்லப்பா, சும்மா நலம் விசாரிச்சேன்" என்று முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுவார்.

லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். "நாள் பூரா மேலயும் கீழயும்தான். வண்டியில ஏறினாத்தான் முன்னாடி போறேன்" என்பார். தெருவில் அவருக்குப் பெயர் டர்போ.

பெரிய பிக்கப்புகளை அவர் மதிப்பதில்லை. "லாரிக்குப் பொறந்து கார் வீட்டுல வளந்தது" என்று ஒதுக்கிவிடுவார். அவருடையது சின்னது, நீல நிறம், இரண்டே இருக்கை. உள்ளே இருப்பதோ, விபத்தில் நொறுங்கிய ஒரு பந்தயக் காரிலிருந்து எடுத்த டர்போ இன்ஜின். "உடம்பு பூனை, நெஞ்சு புலி." பின்பக்கம் கனமில்லாததால் மழைநாளில் வளைவுகளில் வண்டியின் வால் லேசாக வழுக்கும். அந்த ஒரு கணத்துக்காகவே சுற்றுவழியில் வீடு திரும்புவார். மற்றவர்கள் கைப்பிடியைத் தேடும் அந்த இடத்தில், பக்கத்தில் இருக்கும் மனைவி, "இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கலாம்" என்பாள்.

போன வருஷம் அவளுக்கு முதுகெலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டியிலேயே போனார்கள். வேகத்துக்காகப் போட்ட முரட்டு ஸ்பிரிங். சாலையில் ஒரு கூழாங்கல் கிடந்தாலும் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லிவிடும். வேகத்தடை ஒன்றில் அவள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார். இனி வாடகைக் காரில் போகலாம் என்றார்.

"வேணாம். வலிச்சாலும் நம்ம வண்டியிலயே வலிக்கட்டும்."

மறுநாளே மெக்கானிக்கிடம் போனார். இருவரும் சேர்ந்து வருஷக்கணக்காகச் செதுக்கிய வண்டி அது. முரட்டு ஸ்பிரிங்கைக் கழற்றி, மெத்தென்று இருப்பதைப் போடச் சொன்னார். குலுங்காமல் இருக்கப் பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றினார். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, இனிமே இது ஓடாது. நகரும்."

"நகர்ந்தா போதும்ப்பா."

அதன்பின் சைக்கிள்கள்கூட அவரை முந்திப்போயின. ஹார்ன் அடித்தவர்களுக்குக் கையை வெளியே நீட்டி வழிவிட்டார். பிக்கப் பிரியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் மைதானத்துப் பக்கம் தலைகாட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

போன வாரம் டாக்டர் அவரை மட்டும் தனியே கூப்பிட்டு, "இனி அலைய வேண்டாம். வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க" என்றார். அவர் வெளியே வந்து மனைவியைத் தூக்கி இருக்கையில் உட்காரவைத்தார். இரண்டு பக்கமும் தலையணையைச் செருகினார்.

பாதி வழியில் அவள் கேட்டாள்: "இனிமே வர வேணாம்னுட்டாரா?"

அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும். சொல்ல வேணாம்." இருக்கையில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு தடவை அழுத்துங்க. பழைய மாதிரி."

சாலை காலியாகத்தான் இருந்தது. ஆனால் இருக்கிற குலுக்கலையே அவள் உடம்பு தாங்கவில்லை. அவர் கிளட்சை முழுதாக மிதித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்தினார். சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் இன்ஜின் உறுமியது. கதவுகள் அதிர்ந்தன. வண்டி மட்டும் நடைவேகத்தில் உருண்டுகொண்டிருந்தது.

"எவ்வளவுல போறோம்?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"நூத்தி நாப்பது" என்று சொல்லிக்கொண்டே, ஏசியின் காற்றுத் திருகைக் கடைசிவரை திருப்பி, அதன் வாயை அவள் முகத்துக்கு நேராக வைத்தார்.