என் உயரத்துக்கு வந்த பந்து

நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிற தேயிலைத் தோட்டங்களில் என்னைப்போல் கரப்பந்து அடித்தவன் ஒருவனும் இல்லை. இதை நானே சொல்லக் கூடாது என்பார்கள். வேறு யார் சொல்வது? பார்த்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஃபெக்டரியில் கொழுந்துச் சாக்கு சுமந்தேன். பிறகு பதுளை டவுனில் ஒரு கடையில் கம்பி வெட்டினேன். இன்றைக்கு அதே தெருவில் எனக்குச் சொந்தமாக ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. இதில் எவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியதில்லை. கரப்பந்தில் மட்டும் ஒருவனுக்குச் சொல்ல வேண்டும்.

தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் அவன் அடுத்த அறைக்காரன், அடுத்த காம்பரா. வலைக்குப் பக்கத்தில் நின்று எனக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். நாற்பது வருசம் தூக்கிக் கொடுத்தான். மற்றவர்கள் தூக்கினால் பந்து வலைக்கு மேலே ஒரு முழம் போகும். அவன் எனக்குத் தூக்கும் பந்து இன்னும் ஒரு சாண் மேலே போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்கும். நான் ஓடி வந்து எழும்பும்போது அது எனக்காகக் காத்திருக்கும். அந்த இடத்திலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கத்து ஆறு பேரின் உச்சந்தலையும் தெரியும். அதற்குப் பின்னால் தேயிலை சரிந்து இறங்குவதும் தெரியும். எத்தனையோ ஊருக்கு லொறியில் போயிருக்கிறேன். அப்படி ஒரு காட்சியை எங்கும் பார்த்ததில்லை.

எங்கள் தோட்டத்தில் தைப்பொங்கலுக்கு மறுநாள் ஒரு மேட்ச் நடக்கும். கல்யாணம் முடித்தவர்கள் ஒரு பக்கம், முடிக்காதவர்கள் மறுபக்கம். நான் டவுனில் வீடு கட்டிப் போன பிறகும் அந்த மேட்சுக்கு வராமல் இருந்ததில்லை. என் வயதுக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் உட்காரவில்லை.

போன தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போனபோது அவன் சொன்னான்.

"பொங்கல் முடிஞ்சு வவுனியாவுக்குப் போறேன் மச்சான். மக வரச் சொல்லுது."

"எத்தன நாளைக்கு?"

"நாள் கணக்கா? காம்பராவ ஒப்படைச்சிட்டுப் போறேன்."

"அங்க மலையே இல்லையேடா."

"மொழங்கால் முட்டுக்கு நல்லதுன்னு மக சொல்லுது."

ஒரு பொங்கல் மேட்ச் மீதி இருக்கிறது என்று மட்டும் மனதில் ஓடியது. அந்த மேட்சில் அவன் தூக்க, நான் அடிக்க வேண்டும். ஐம்பத்தொன்பது வயதில் மனிதனுக்கு இவ்வளவு பெரிய ஆசை இருக்கலாமா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். இருந்தது.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் கடை திறக்குமுன் வீட்டு முற்றத்தில் குதித்துப் பழகினேன். இரண்டாவது வாரம் வலது குதிகாலுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் ஆணியில் கால் வைத்த மாதிரி. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நரம்பு அறுபடவில்லை, தடித்துப் புண்ணாகியிருக்கிறது, பயிற்சியில்தான் ஆற்ற வேண்டும் என்று உடற்பயிற்சி வைத்தியம் செய்யும் பகுதிக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்தது மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தாய் கொழுந்து எடுத்துப் படிக்க வைத்த பிள்ளை. என் காலைத் தடவிப் பார்த்தாள்.

"என்ன வேலைங்கய்யா செய்றீங்க?"

"கடை இருக்கு. கால் அதால கெடல. வொலிபோல் அடிச்சு."

"இந்த வயசுலயா?"

"பொங்கலுக்கு வந்து பாரு, தெரியும்."

சிரிக்காமல் ஒரு படியில் என்னை ஏற்றினாள். முன்பாதம் மட்டும் படியில் இருக்க வேண்டும். இரண்டு குதிகாலையும் தூக்கி, பிறகு நல்ல காலை எடுத்துவிட்டு, நோகிற காலை மட்டும் மெல்ல மெல்லப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். ஏறுவதில் ஒன்றும் இல்லை, இறங்குவதில்தான் நரம்பு பலப்படும் என்றாள். பதினைந்து தடவை. கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி பதினைந்து. அப்படி மூன்று முறை, காலையும் மாலையும். வலி குறைந்த பிறகு முதுகில் கொஞ்சம் பாரம் சேர்க்கலாம், ஆனால் அவள் சொல்லும்போதுதான். குதிக்கவே கூடாது.

மூன்று வாரம் அவள் சொன்ன மாதிரியே செய்தேன். வலி பாதியாகக் குறைந்தது. அங்கேதான் என் புத்தி போனது.

தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும் என்று ஒரு அளவு இருக்கிறது. அதை எட்டாதவளுக்கு அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் வேலை. எங்கள் அம்மா ஒரு நாளும் அளவோடு நிறுத்தியவள் இல்லை. அளவு என்பது ஏலாதவர்களுக்கு, மேலே எடுப்பதுதான் நமக்கு மானம் என்று அந்த மடியில் வளர்ந்தவன் நான். கடையையும் அப்படித்தான் வளர்த்தேன். பதினைந்து என்று அந்தப் பிள்ளை சொன்னது ஏலாதவர்களுக்குப் போட்ட அளவு என்று எடுத்துக்கொண்டேன். முப்பது செய்தேன், அறுபது செய்தேன். பேரனின் பழைய புத்தகப் பையில் கடையிலிருந்து ஆணிப் பெட்டிகளை அடுக்கி, முதுகில் மாட்டிக்கொண்டு நூறு செய்தேன். நடுவில் இரண்டு நாள் குதித்தும் பார்த்தேன்.

மார்கழி பிறந்த வாரம் குதிகால் வீங்கி, செருப்புக்குள் போகவில்லை.

"எத்தன தடவ செஞ்சீங்க?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"நீ சொன்னதுதான்."

"உங்க கால் பொய் சொல்லாதுங்கய்யா."

"நூறு."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "இன்னைக்குக் கொழுந்து எடுத்த செடியில நாளைக்கே போய் எடுப்பாங்களா? அது துளிர்க்க நாள் வேணாமா?"

"தொர எடுக்கச் சொன்னா எடுப்போம்."

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னாள், பொங்கலுக்குக் குதிக்க ஏலாது என்று. முதலிலிருந்து தொடங்க வேண்டும், மாசி கடைசியில் பார்க்கலாம். நான் அந்த மேட்ச் எதற்கு என்று சொன்னேன். என் வாயால் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை, அவளிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு பந்து" என்றேன். அவள் என் குதிகாலைக் கையில் பிடித்தபடி, "அந்த ஒரு பந்துலயே இது அறுந்துரலாம். அதுக்கப்புறம் மாசியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள்.

மேட்சன்றைக்குக் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். என் இடத்தில் ட்ராக்டர் ஓட்டுகிறவனைப் போட்டார்கள். நல்ல பையன், முப்பது வயது, போன ஆவணியில் கல்யாணம் முடித்தவன். மற்றவர்கள் எழும்பும் அளவுக்கு அவனும் எழும்புவான்.

முதல் பந்து வந்தது. என் கூட்டாளி தூக்கினான். ட்ராக்டர்காரன் எழும்பி, கையை வீசி, ஒன்றுமில்லாத காற்றை அடித்துவிட்டு இறங்கினான். பந்து அவன் கைக்கு ஒரு சாண் மேலே நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். கல்யாணம் முடிக்காத பையன்கள் கூவினார்கள்.

"என்னா தாத்தா, வானத்துக்கா தூக்குறீங்க?"

"கீழ போடுங்க மாமா, நான் அவரு இல்ல" என்று ட்ராக்டர்காரன் கத்தினான்.

என் கூட்டாளி தன் கைகளைப் பார்த்தான். பிறகு நாற்காலியில் இருந்த என்னைப் பார்த்தான். அந்தக் கைகளுக்கு என் உயரம் மட்டும்தான் தெரியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பெருமையாக இருந்தது என்று எழுதினால் அது பாதி உண்மை.

முதல் ஆட்டம் தோற்றோம். இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் அவன் பந்தைத் தாழ்த்தினான். கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு விரல் அளவு குறைத்துக்கொண்டே வந்தான். ட்ராக்டர்காரன் கைக்கு அது சரியாக வந்தது, அவன் அடித்தான், எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வென்றது நாங்கள்தான். நாற்பது வருசத்தில் மேட்சில் வென்றும் நான் வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்தது அந்த ஒரு நாள்தான்.

நான்கு நாள் கழித்து பதுளை பஸ் ஸ்டாண்டில் அவனை ஏற்றிவிட்டேன். இரண்டு பை, ஒரு பாய், ஒரு ரேடியோ. "கால பாத்துக்க மொதலாளி" என்றான். கடை போட்ட நாளிலிருந்து என்னை அப்படித்தான் கேலியாகக் கூப்பிடுவான்.

அதன் பிறகு பதினைந்துக்கு மேல் ஒன்றுகூடச் செய்யவில்லை. மாசி கடைசியில் அந்தப் பிள்ளை என்னை முதலில் இரண்டு காலில் குதிக்க வைத்தாள், பிறகு ஒற்றைக் காலில். வலி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். ஒரு பையன் பந்தைத் தூக்கினான். ஓடி எழும்பினேன். எதிர்ப்பக்கத்து உச்சந்தலைகள் தெரிந்தன, தேயிலை தெரிந்தது. பந்து மட்டும் அங்கே இல்லை. எனக்குக் கீழே எங்கேயோ போய் வலையில் விழுந்தது.

அன்று மாலை வவுனியாவுக்கு ஃபோன் கோல் எடுத்தேன்.

"குதிச்சேன்டா."

"நோவுதா?"

"இல்ல."

"பந்து?"

"எனக்குக் கீழ கெடந்துச்சு."

அவன் சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். எப்போது வருவாய் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அங்கே தண்ணி எப்படி என்று கேட்டேன். சவர்த் தண்ணியாம், உப்புக் கரிக்குமாம், தேத்தண்ணி ஊத்தினால் நம் தேயிலைச் சாயமே வரவில்லையாம்.